ஹோமோன் குளிசையும் தறாவீஹ் வரிசையும்

புது வருடத் தவணையின் முதல் நாள், இரண்டாம் பாடவேளை. விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் பத்தாம் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு எதிரே இருந்த எட்டாம் வகுப்பைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார். இரண்டு வகுப்பிலும் அந்த நேரத்துக்கு அவர் பெயர்தான் இருந்தது. நேரசூசி போட்டது நான்.

எங்கள் பாடசாலையில் பல வருடங்களாக நேரசூசி போடுவது நான்தான். ஆசிரியர்கள் மாறினார்கள், அதிபர்கள் மாறினார்கள், ஒருமுறை கட்டிடமே மாறியது. ஒரு ஆளை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிறுத்திய பிழை மட்டும் என் கையால் வந்ததில்லை. அன்றைக்கு ஒன்றல்ல, மூன்று வந்தது.

அதிபர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். அவர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "அடுத்த முறை கம்பியூட்டர் படிப்பிக்கிறவரிட்டக் குடுப்பமா டீச்சர்? உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு" என்றார். எனக்கு ஓய்வு வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது நித்திரை.

மாதவிடாய் நின்ற சில மாதங்களில், நான் எதிர்பார்த்த நிம்மதிக்குப் பதிலாகச் சூடு வந்தது. நெஞ்சில் கிளம்பும், கழுத்தால் ஏறும், காது மடலில் போய் நிற்கும். சில நிமிடத்தில் வடிந்துவிடும். உடுப்பு மட்டும் ஈரமாகக் கிடக்கும். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது வரும். கல்முனைக்குப் போகிற பஸ்ஸில் வரும். அபாயாவுக்கு மேல் ஆள் நெருக்க, யன்னலோரத்தில் இருக்கிறவள் புழுதி வருகிறது என்று கண்ணாடியை இழுத்து மூட, சரியாக அந்த நேரத்தில் வரும். இரவில் எத்தனை தடவை என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். எழும்பி உடுப்பு மாற்றுவேன், ஃபேனைக் கூட்டுவேன், கணவர் எழும்பிக் குறைப்பார், நான் மறுபடி கூட்டுவேன். அவர் சித்திரையிலும் போர்வையால் தலையை மூடிக்கொண்டு படுக்கிற மனிதர்.

நித்திரை இல்லாத தலைக்குள் நேரசூசி நிற்காது. இந்த ஆளை இங்கே எடுத்தால் அங்கே யார், அங்கே ஒருவரைப் போட்டால் இவருக்கு இடைவேளை எப்போது என்று எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பிடி என்னை விட்டுப் போயிருந்தது. போன இடத்தில் எரிச்சல் வந்து குந்திக்கொண்டது. சுண்ணாம்புக்கட்டி உடைந்தாலும் எரிச்சல், உடையாவிட்டாலும் எரிச்சல்.

எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். எனக்கு மூத்தவள் ராத்தாவுக்கு எழுதிய வீடும் எனக்கு எழுதிய வீடும் ஒரே வளவில் இருக்கின்றன. நடுவில் மதில்கூட இல்லை. நான் இரவில் எத்தனை உடுப்பு மாற்றினேன் என்று காலையில் கொடியைப் பார்த்தே அவளுக்குத் தெரியும்.

"ஒடம்புச் சூடுகா. வெந்தயம் ஊறப் போட்டுக் குடி" என்றாள்.

"குடிச்சன்."

"தயிர்?"

"இவர் சட்டி சட்டியாக் கொண்டு வந்து குமிச்சிரிக்கார்."

"அப்ப கண்ணூறு."

வெந்தயத்திலும் தயிரிலும் போகாதது எதுவானாலும் ராத்தாவிடம் அது கண்ணூறுதான். என் மேல் யார் கண் வைப்பார்கள், எதைப் பார்த்து வைப்பார்கள் என்று கேட்டேன். கண் வைக்க ஆள் அகப்படவில்லை. மிளகாயைச் சுற்றிப் போட மட்டும் ஆள் இருந்தது.

நேரசூசிப் பிழைக்குப் பிறகுதான் டொக்டரிடம் போவது என்று முடிவெடுத்தேன். பெண்நோய் டொக்டர் ஒருவர் சனிக்கிழமைகளில் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு வருகிறார். போனில் நம்பர் எடுத்து, அவர்கள் சொன்ன இரத்தப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு போனேன். கணவரும் வந்தார். வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் மருதமுனையில் ஒரு பெண் பெண்நோய் டொக்டரிடம் தனியாகப் போனால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள்.

உள்ளே போய் இருந்ததும், என்ன பிரச்சினை என்று டொக்டர் கேட்டார். சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்னரே தாதி என் கையைப் பிடித்து, நிறை பார்க்கவும் பிரஷர் பார்க்கவும் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். பிறகு மார்பைப் பரிசோதிக்க டொக்டரும் வந்தார். முடித்துவிட்டுத் தன் கதிரைக்குப் போனார். நான் உடுப்பைச் சரிசெய்ய, தாதி பிரஷரை இன்னொரு தடவை பார்க்க, வெளியே டொக்டர் எதையோ கேட்பதும் என் கணவர் நீளமாகப் பதில் சொல்வதும் கேட்டது. அவர் பதிலில் நோன்பு என்ற சொல் இரண்டு மூன்று தடவை வந்தது. ஊர்க் கதை கதைக்கிறார் என்று நினைத்தேன். ஆள் அகப்பட்டால் கதைக்கிற மனிதர்.

நான் வெளியே வந்தபோது டொக்டர் எழுதி முடித்திருந்தார். குளிசையை விளக்கிச் சொன்னார். உடம்பு சுரப்பதை நிறுத்திவிட்ட ஹோமோனை வெளியிலிருந்து கொடுப்பது. கர்ப்பப்பை இருப்பதால் அதைப் பாதுகாக்க இன்னொரு ஹோமோனும் சேர்ந்திருக்கும். மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டி ஆபத்து கொஞ்சம் உண்டு, உங்கள் குடும்பத்தில் அப்படி இல்லாததாலும் வயது அறுபதுக்குள் என்பதாலும் தருகிறேன். வருடா வருடம் வந்து காட்ட வேண்டும். எல்லாம் தெளிவு. கடைசியில், "மாதம் ஒருக்கா ரத்தம் படும், பயப்படாதீங்க" என்றார்.

"எனக்கா?"

"ஓம் டீச்சர். உங்கட நிலைமைக்கு இப்ப அப்பிடித்தான்."

என் நிலைமை என்றால் என்ன என்று கேட்க வாய் திறப்பதற்குள் தாதி அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார். அடுத்த நம்பர் ஒரு நிறைமாதக்காரி. கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள். எழும்பி வந்துவிட்டோம்.

"நல்ல டொக்டர்" என்றார் கணவர், ஓட்டோவில் ஏறும்போது. "நான் சொன்னதெல்லாம் வடிவாக் கேட்டா."

மூன்றாவது பாமசியில் அந்தக் குளிசை கிடைத்தது. இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. மூன்றாம் கிழமை ஒரு நாள், விடியற்காலை சுபஹுப் பாங்கு சொல்லும்போது கண் விழித்தேன். எங்கே இருக்கிறேன் என்று விளங்கச் சற்று நேரமெடுத்தது. இரவில் படுத்த அதே உடுப்பு உடம்பில் இருந்தது. காய்ந்திருந்தது. கணவர் போர்வை இல்லாமல் படுத்திருந்தார். ஃபேன் இரண்டில் ஓடியது. பாடசாலைக்குப் போய் ஒரு மாணவனின் கொப்பியை எரிச்சலில்லாமல் திருத்தினேன். அவன் நம்பாமல் இரண்டு தடவை திறந்து பார்த்தான்.

பிறகு நோன்பு வந்தது. நோன்பு விடுமுறைக்குப் பாடசாலை மூடுவதற்கு முதல்நாள் அதிபர் கூப்பிட்டார். இரண்டு ஆசிரியர்களுக்கு இடமாற்றம் வந்திருக்கிறது, பெருநாளுக்குப் பிறகு புதிய நேரசூசி வேண்டும். "இதை மட்டும் நீங்க செஞ்சு தாங்க டீச்சர். மறுகா பாப்பம்." அந்தப் பாப்பத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். இதிலும் பிழை வந்தால் நேரசூசி கம்பியூட்டர்காரரின் கைக்குப் போய்விடும். நான் குளிசை அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன்.

அந்த வருடம் எங்கள் தெருப் பெண்களுக்கான தறாவீஹ், அந்த நோன்பு மாத இரவுத் தொழுகை, எங்கள் வீட்டு முன் ஹோலில் நடந்தது. முந்திய வருடங்களில் நடந்த வீட்டில் மகளுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளை வந்துவிட்டார். ஆகவே ராத்தா என்னைக் கேட்காமலே என் ஹோலைக் கொடுத்துவிட்டாள். மார்க்கம் படித்த இளம் ஆலிமா ஒருவர் தாயோடு ஸ்கூட்டியில் வந்து தொழுவிப்பார். மூன்று வரிசை பெண்கள். பாய் விரிப்பது, தண்ணீர் வைப்பது, ஃபேன் பார்ப்பது என் வேலை.

பெண்கள் தொழுகிற வரிசைக்கு ஒரு குணம் உண்டு. ஒருத்தி ஒரு கிழமை வராவிட்டால் ஏனென்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லை. மாதவிடாய்க் காலத்தில் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. எனவே யாருக்கு ஏழு நாள், யாருக்கு ஐந்து, யாருக்கு இன்னும் வருகிறது, யார் வயிற்றில் இருக்கிறது என்பதெல்லாம் வரிசையில் விழுகிற இடைவெளியை வைத்தே தெருவுக்குத் தெரிந்துவிடும். போன வருடம் நான் ஒரு நாளும் தவறாமல் நின்றேன். அதோடு என் விஷயம் முடிந்தது என்று வரிசை தீர்ப்பு எழுதிவிட்டது. எனக்கும் அதில் ஆட்சேபம் இருக்கவில்லை.

இந்த வருடம் நோன்பு ஐந்தில் எனக்கு இரத்தம் வந்தது. துளி அல்ல, முன்பு வந்ததைப் போலவே. பாயை விரித்துவிட்டு, குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்படியில் இருந்தேன். சொந்த வீட்டில் ஒளித்திருப்பதைப் போல எரிச்சலான காரியம் வேறில்லை. தொழுகை முடிந்ததும் கதவு திறந்தது. முன் வீட்டு மாமி. வரிசையில் எப்போதும் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவர்.

"தண்ணி ஒரு முடறு தா புள்ள. என்ன, சுகமில்லையா?"

"சுகந்தான் மாமி."

"அப்ப ஏன் தொழல்ல?"

"தொழுகை இல்ல மாமி."

மாமி தண்ணீரை அரைவாசியில் நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒனக்கா?"

அவ்வளவுதான் கேட்டார். அடுத்த நாள் நோன்பு திறக்கிற நேரத்துக்கு மூன்று வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. ஒவ்வொரு கஞ்சியோடும் ஒரு கதை வந்தது. ஒருத்தியின் சாச்சிக்கு இப்படித்தான் நின்ற பிறகு வந்ததாம், கொழும்புக்குக் கொண்டுபோனார்களாம், மௌத்தாகி உடல்தான் திரும்பி வந்ததாம். நின்ற பிறகு இரத்தம் கண்டால் டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் நான் குடிக்கிற குளிசையால் வரும் என்று டொக்டர் முதலே சொன்னார் என்பதை அவள் கேட்கத் தயாராயில்லை. கதையை முடிக்காமல் போக மாட்டேன் என்று நின்றாள். இன்னொருத்தி, வயிற்றில் ஏதும் தங்கி நழுவிவிட்டதா என்று என் காதுக்குள் கேட்டாள். என் கடைசி மகன் அப்போது பக்கத்து அறையில் தாடியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நின்றான்.

ராத்தா மட்டும் நேரே குளிர்சாதனப் பெட்டியடிக்குப் போய் அட்டையைக் கையில் எடுத்தாள்.

"இதுதானே வேலை. ஊரெல்லாம் முப்பது நோன்பையும் முழுசாப் புடிக்கணும் எண்டு நிப்பாட்டுற குளிசை குடிக்கிறாளுகள். நீ வரவைக்கிறத்துக்குக் குடிக்கிறாய். மறுகா கொமரியாகப் போறியா?"

"நித்திரை கொள்ளப் போறன்."

"நித்திரை வராட்டி எழும்பி இரிந்து ஓது."

"ஓதினன் ராத்தா. வேர்த்து ஊத்த ஊத்த ஓதினன். அட்டையை வைங்க."

"எனக்கும் நிண்டுதான் கிடக்கு. நான் என்ன குளிசையா குடிக்கிறன்?"

குடித்தால் இந்த வளவே நிம்மதியாக இருக்கும் என்று நாக்கு நுனிவரை வந்தது. நோன்பு மாதம். விழுங்கினேன்.

எனக்குப் பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதைவிடக் கணக்குத்தான் இடித்தது. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேலானவர்களுக்கு மாதாமாதம் இரத்தம் படாத மாதிரிக் குளிசை உண்டு என்று நான் வாசித்திருந்தேன். எனக்கு ஒன்றரை வருடம். பிறகு ஏன் எனக்கு வருகிற மாதிரி? இரத்தம் நின்று, குளித்து, மறுபடி நோன்பு பிடிக்கத் தொடங்கியதும் வந்த சனிக்கிழமை மறுபடி கல்முனைக்குப் போனோம்.

டொக்டர் என் பழைய குறிப்பைப் புரட்டினார். நின்று ஒன்றரை வருடமான எனக்கு ஏன் இந்தக் குளிசை என்று நான் கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"ஒன்றரை வருஷமா? இதில அப்பிடி இல்லையே. போன நோன்பு முடியுமட்டும் ஒழுங்கா வந்தது எண்டு எழுதியிருக்கன்."

"ஆர் சொன்னது?"

டொக்டர் பேனையால் காட்டினார். நான் திரும்பினேன். என் கணவர் நிமிர்ந்து இருந்தார். பிழை செய்த முகம் அல்ல. சரியான விடை சொல்லியும் புள்ளி கிடைக்காதவனின் முகம்.

"போன நோன்புக்குப் பிறகு நீ நோன்பு புடிச்சாய்தானே" என்றார். "திங்கள் வியாழன் எண்டு மாசக் கணக்காப் புடிச்சாய். விட்டாத்தானே புடிப்பாய்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாதவிடாயால் விட்ட நோன்பை, அடுத்த நோன்பு மாதம் வருமுன் வேறு நாட்களில் பிடித்துக் கழாச் செய்ய வேண்டும். என் கணவர் கல்யாணம் செய்த நாளிலிருந்து என் உடம்பை இந்த ஒரு வழியால் மட்டும் கவனித்து வந்திருக்கிறார். பெருநாளுக்குப் பிறகு நான் எத்தனை நோன்பு பிடிக்கிறேனோ அத்தனை நாள் எனக்கு வந்தது என்பது அவர் கணக்கு. என்னிடம் கேட்கலாம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"அது எப்பத்தைய நோன்பு தெரியுமா?" என்று கேட்டேன்.

"எப்பத்தைய?"

"சின்னவனுக்குப் பால் குடுக்கக்குள்ள விட்டது. பாக்கி கிடந்தது. நிண்ட பிறகு, உடம்பு ஓய்வாயிரிக்கி எண்டு இருந்து புடிச்சி முடிச்சன்."

"அதை எனக்கு நீ சொல்லல்லயே."

"நீங்க கேக்கல்லயே."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நடந்ததை அவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. கேட்டு முடித்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் அண்டைக்கு வீட்ட போயும் சொன்னன் டீச்சர், மனிசிட கணக்கை இவ்வளவு கவனமா வச்சிருக்கிற ஒரு மனுசனை இண்டைக்குத்தான் கண்டன் எண்டு" என்றார். கணவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு கேள்வி. அதற்கு உரிய ஆள் திரைக்குப் பின்னால் எட்டடி தூரத்தில், வாய் இருக்க, நினைவு இருக்க, கையில் பிரஷர் பட்டியோடு இருந்தாள்.

டொக்டர் ஸ்கேன் செய்தார். கர்ப்பப்பையின் உட்படலத்தில் கெடுதி ஒன்றும் இல்லை. இனி வேறு மாதிரிக் குளிசை, இரண்டு ஹோமோனும் ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் இருக்கும், மாதாமாதம் வராது. "ஆனா முதல் சில மாதத்தில இடைக்கிடை கொஞ்சம் கொஞ்சம் படலாம். எப்ப எண்டு சொல்ல ஏலாது. கன நாளைக்கு இழுத்தா, கனக்கப் பட்டா வாங்க." பிறகு அவரே சொன்னார்: "உங்களுக்கு நோன்பு. விருப்பமெண்டா எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு, பெருநாள் கழிச்சுப் புதுசைத் தொடங்கலாம். சூடு மட்டும் திரும்ப வரும். யோசிச்சு முடிவெடுங்க."

முதல் தடவையாக முடிவு என் கையில் வந்தது. வளவுக்குள் கால் வைத்ததும் ராத்தா அதைப் பறிக்க வந்தாள்.

"நிப்பாட்டு. கடைசிப் பத்து வருகிது. ஆயிரம் மாசத்தை விட மேலான லைலத்துல் கத்ருல குசினிக்குள்ள குந்தி இரிக்கப் போறியா?"

"நேரசூசி இரிக்கி ராத்தா."

"நோன்பு அல்லாஹ் தந்தது. நேரசூசி அரசாங்கம் தந்தது."

"அரசாங்கம் தரல்ல. அதிபர் தந்தார். எடுக்கவும் பாக்கிறார்."

"எடுத்தா எடுக்கட்டும். சம்பளம் குறையுமா?"

குறையாது. அதுதான் அவளுக்கு விளங்காத இடம். கணவரைப் பார்த்தேன். அவர் அன்று முழுவதும் என் மாதவிடாய் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று உறுதி எடுத்திருந்தார். சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும் என்ற ஒரே நாளில்.

நான் யோசித்தேன். விட்ட நோன்பைப் பிறகு பிடிக்கலாம், அதற்கு மார்க்கமே வழி வைத்திருக்கிறது. கடைசிப் பத்து இரவின் தொழுகை போனால் போனதுதான். அந்த இழப்பை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் குளிசையை நிறுத்தினால் எனக்கு நிச்சயமாக வரப்போவது அந்தப் பழைய இரவுகள், அந்தப் பழைய தலை. அந்தத் தலையோடு வரிசையில் நின்று என்ன ஓதுகிறார்கள் என்று தெரியாமல் வியர்த்துக்கொண்டிருந்த போன வருடத்தையும் எனக்கு நினைவிருந்தது. அன்று நோன்பு திறந்து, சாப்பிட்டு, புதிய அட்டையில் முதல் குளிசையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ராத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்த மூன்று நாளில் நேரசூசியில் பாதி முடிந்தது.

சாப்பாட்டு மேசையில் பெரிய தாளை விரித்து, பெட்டிபோட்டு, பென்சிலால் எழுதினேன். இடமாற்றம் போன இருவரில் ஒருவர் சங்கீதமும் சமூகக்கல்வியும் எடுத்தவர்; அவர் இடத்தை நிரப்ப நான்கு பேரை நகர்த்த வேண்டியிருந்தது. நகர்த்தினேன். ஒருவரை எடுக்கும்போது மற்ற மூவர் எங்கே நிற்கிறார்கள் என்று தாளைப் பார்க்காமலே தெரிந்தது. இருபதாம் நோன்பில் முடித்து, வகுப்பு வகுப்பாக ஒரு தடவையும், ஆள் ஆளாக ஒரு தடவையும் சரி பார்த்தேன். மோதல் இல்லை. அதிபரின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "நீங்க போட்டாச் சரியாத்தானே இரிக்கும் டீச்சர்" என்று மடித்து மேசையில் வைத்தார். ஜனவரியில் என்னை நோயாளியாகப் பார்த்த அதே மனிதர். அடுத்த தவணைக்கும் நானே போட வேண்டும் என்று சொல்லும்போது, தான் எனக்கு வேலை சுமத்துவதாக வருத்தப்படவும் செய்தார்.

இருபத்திரண்டாம் நோன்பு அன்று அஸருக்குப் பிறகு இரத்தம் பட்டது. கொஞ்சம்தான். டொக்டர் சொன்னதுதான். ஆனாலும் குளியலறையில் அந்தத் துணியை இரண்டு தடவை அலசினேன். வெளியே வந்தபோது ராத்தா என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"பட்டிட்டா?"

"ஓம்."

"சொன்னன்தானே."

அன்றிரவு குசினிக்குள் இருந்தேன். மறுநாள் காலையில்தான், இதை யாரிடமாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது. வழக்கப்படி கணவர் பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் கேட்டு வருவார். என் சார்பில் இன்னொரு பதிலை அவர் சொல்லிவிட்டு வருவதை நினைக்கவே எனக்குத் தாங்கவில்லை. போனை எடுத்து நானே ஆலிமாவுக்குப் பேசினேன்.

"முதல் எப்ப வந்தது டீச்சர்?"

"அஞ்சாம் நோன்பு, லுஹருக்கு முன்ன."

"எப்ப நிண்டது?"

"பத்தாம் நோன்பு அஸருக்கு."

"மறுகா கண்டது?"

"நேத்து அஸருக்குப் பிறகு."

கேள்வியும் நேர், பதிலும் நேர். இடையில் யாரும் இல்லை. இது ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம் என்று எனக்கு முதலே தெரியும். இந்த ஊரில் யாரும் அந்த ஒரு நிமிடத்தை எனக்குத் தரவில்லை.

"ரெண்டு மாதவிடாய்க்கு இடையில குறைஞ்சது பதினஞ்சு நாள் சுத்தமா இரிந்திரிக்கணும்" என்றார் ஆலிமா. "உங்களுக்கு பன்னிரண்டுதான். அப்ப இது மாதவிடாய் இல்ல. நோய் வருத்தத்தால படுற ரத்தம் மாதிரித்தான். ஒவ்வொரு தொழுகைக்கும் நேரம் வந்தாப்பிறகு கழுவி, கட்டி, ஒழு எடுத்துத் தொழுங்க. நோன்பையும் விடாதீங்க."

அன்றிரவு இஷாத் தொழுகைக்கு நான் பாயை விரித்து, தண்ணீர் வைத்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டாம் வரிசையில் என் பழைய இடத்தில் வந்து நின்றேன். நான்கு றக்அத் முடிந்து ஓய்வெடுக்கிற இடைவெளியில் முன் வரிசையிலிருந்து ராத்தா திரும்பினாள்.

"நேத்துப் பட்டது எண்டாயே?"

"ஓம். இண்டைக்கும் படுது."

"அப்ப என்னத்துக்கு வந்து நிக்கிறாய்?"

"நிக்கலாம்."

"ஆரு சொன்ன?"

முன்னால் இருந்த ஆலிமாவைக் காட்டினேன்.

"அவ சின்னப் புள்ள. அவக்கு என்ன தெரியும் இதுகள்?" ராத்தா குரலைத் தாழ்த்தினாள், அவளுடைய தாழ்ந்த குரல் மூன்றாம் வரிசைவரை போகும். பக்கத்து மாமி தன் முசல்லா விரிப்பை மெல்ல ஒரு சாண் அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நிற்காதபோது ஏன் நிற்கவில்லை என்று கேட்டவர்கள் இப்போது ஏன் நிற்கிறாள் என்று கேட்கிறார்கள். எழும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். போனால், அவர்கள் சொன்னது சரி என்றாகும். அது சரி இல்லை.

ஆலிமா எழும்பினார். தொழுகைக்கு முன் ஒவ்வொரு தடவையும் சொல்வதையே, திரும்பி ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வரிசையில இடைவெளி விடாதீங்க. தோளோட தோள் சேந்து நில்லுங்க."

யாரும் அசையவில்லை. அவர் காத்திருந்தார். மாமி குனிந்து, முசல்லாவை இழுத்த இடத்திலிருந்து திரும்ப இழுத்துப் போட்டார். அவருடைய தோள் வந்து என் தோளில் முட்டியது. அந்தப் பக்கம் இன்னொரு தோள். ஃபேன் எங்கோ முன் வரிசைக்கு ஓடிக்கொண்டிருந்தது. தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன். அடுத்த நான்கு றக்அத்தும் அந்த நெருக்கத்திலேயே நின்றேன். எனக்கு வியர்க்கவில்லை.